உதடு படாத தம்ளர்

படித்தவன் ஒருவன் தன் துறையைச் சேர்ந்த பொருளைத் தன் வீட்டிலேயே, தன் கையாலேயே செய்யத் தொடங்கினால், அந்த வீட்டில் இருப்பவர்கள் சிறிது காலம் உறவினர் வீட்டில் தங்கிக்கொள்வது நல்லது. மருத்துவர் தம் மனைவிக்குத் தாமே பிரசவம் பார்ப்பதில்லை. வழக்கறிஞர் தம் வழக்கில் தாமே வாதாடுவதில்லை. இந்த அடக்கம் ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும் ஏனோ வாய்ப்பதில்லை. நான் கண்ணாடியைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றவன். இன்னும் சரியாகச் சொன்னால், கண்ணாடி எதனால் உடைகிறது என்பதைப் பற்றி. (உடையாமல் இருக்க என்ன செய்யலாம் என்பது வேறொருவருடைய ஆய்வுத் தலைப்பு.)

அந்தப் பட்டத்தால் எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த ஓர் அவமானத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். என் தங்கை கோமதி இருந்திருந்தால் இதில் பாதியை மறுத்திருப்பாள். மீதிப் பாதியை இன்னும் மோசமாக்கிச் சொல்லியிருப்பாள். அவள் இப்போது இல்லாத காரணத்தால் வாசகர்கள் என் கூற்றையே நம்பியாக வேண்டும்.

அம்பத்தூரில் எங்கள் வீடு தொழிற்பேட்டைக்குப் பின்புறம் இருந்தது. அப்பா அங்கே ஒரு பட்டறையில் லேத் ஓட்டி எங்களைப் படிக்க வைத்தார். நான் பட்டம் வாங்குவதற்குள் போய்விட்டார். ஆகவே எண்பதுகளின் நடுவில் கோமதிக்குத் திருமணம் நிச்சயமானபோது, பொறுப்பு முழுவதும் என் தலையில் இறங்கியது. (நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். காரியங்களை எல்லாம் அம்மா பார்த்துக்கொண்டாள்.)

மாப்பிள்ளை தணிகாசலம் சாது. அவருடைய தந்தை அப்படியல்லர். பூந்தமல்லியில் தபால்களுக்கு முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். கடிதங்களின் மேல் குத்திக் குத்தியே அவருக்குத் தாள ஞானம் வந்தது என்பது கோமதியின் பிற்காலக் கண்டுபிடிப்பு. நிச்சயத்தன்று அவர் எங்கள் வீட்டுப் பாயில் சம்மணமிட்டு அமர்ந்து, தம்முடைய கோரிக்கையை வைத்தார்.

"எங்களுக்கு ஒண்ணும் வாணாம் தம்பி. பொண்ணக் குடுங்க, போதும். ஆனா ஒண்ணு. நாதஸ்வரம் நல்லா இருக்கணும். தாலி ஏறச்சொல்லோ நான் கண்ண மூடிக்கினா கோயில்ல நிக்கிற மாரி இருக்கணும். அது மட்டும் சரியில்லன்னா எனக்குக் கல்யாணமே நடந்த மாரி இருக்காது."

இது வெறும் பேச்சன்று. மூத்த மகனின் திருமணத்தில் பெண் வீட்டார் நாதஸ்வரத்துக்குப் பதிலாக இசைத்தட்டு போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தச் சம்பந்தி வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. அந்த மருமகளையும் பிறந்த வீட்டுக்கு எளிதில் அனுப்புவதில்லை என்று தரகர் எங்கள் காதில் போட்டிருந்தார். அம்மா அதைக் கேட்டு ஒரு கணம் கோமதியைப் பார்த்தாள். பிறகு, "இம்மாத்தூண்டுதானே கேக்கறாரு மனுசன். அத்தக்கூட செய்ய மாட்டமா?" என்றாள்.

நான் திருவேற்காட்டுக்குப் போய், அந்தப் பக்கத்துக் கோயில்களில் பேர்போன சிங்காரம் என்ற வித்வானை ஒப்புக்கொள்ள வைத்தேன். அவர், அவருடைய தம்பி, இரண்டு தவில், ஒரு சுருதிப் பெட்டி. சம்பந்தியின் காதில் செய்தி போனதும் பூந்தமல்லியிலிருந்து பலாப்பழம் வந்தது. அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

அக்காலத்தில் கல்யாண வீட்டுக்குத் தம்ளர்களைத் தெருவில் இரவல் வாங்குவோம். எவர்சில்வர் தம்ளர்கள், ஒவ்வொன்றிலும் சொந்தக்காரர் பெயர் வெட்டியிருக்கும். மாப்பிள்ளையின் தந்தை தண்ணீர் குடிக்கும்போது அவருடைய மூக்குக்கு நேரே 'பார்வதி, இரண்டாவது குறுக்குத் தெரு' என்று தெரிவது எனக்குப் பொறுக்கவில்லை. கடையில் கண்ணாடித் தம்ளர் வாங்கிவிடலாம்தான். கண்ணாடியில் டாக்டர் பட்டம் பெற்றவன் கண்ணாடித் தம்ளரை விலைக்கு வாங்குவதா? காலிச் சீசாக்களை வெட்டி நானே செய்வதென்று முடிவெடுத்தேன்.

சீசாக்களுக்குப் பழைய பேப்பர் கடை பாயிடம் போனேன்.

"இன்னா சார், ஊரே எங்கிட்ட பாட்லு போட வர்து, நீ வாங்க வர்றே?" என்றார் பாய். "அதுவும் ஒண்ணொண்ணா வெளிச்சத்துல தூக்கிப் புட்ச்சிப் பாத்துப் பொறுக்கறே. காலி பாட்லுக்கு இவ்ளோ சோக்கு காட்ற ஆள நான் பாத்ததேயில்ல."

"ஓர் ஆராய்ச்சிக்கு வேண்டும் பாய்."

"ஆரம்பத்துல அல்லாரும் அப்டித்தான் சார் சொல்வாங்கோ."

செய்முறை எளியது. சீசாவின் தோளுக்குக் கீழே பருத்தி நூலை இறுக்கிச் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து, தீ வைத்துச் சீராகத் திருப்ப வேண்டும். சூடேறியதும் குளிர்ந்த நீரில் முக்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம். கழுத்து தனியாக, தம்ளர் தனியாகப் பிரிந்துவிடும். இதன் பின்னாலுள்ள கணக்கை நான் பக்கம் பக்கமாக எழுதியவன். இருந்தாலும் முதலில் நீரில் முக்கிய சீசாக்கள் எல்லாம் நான் எழுதியதற்கு நேர்மாறாக நீளவாக்கில் பிளந்தன.

புடவைக்கு ஓரம் அடிக்க வேண்டிய கல்யாணப் பெண், கொல்லையில் எனக்காக வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏண்ணா, இது இப்டி ஒடையும்னு உன் புக்குல கீதா?"

"கோமதி, அது புத்தகம் இல்லை. ஆய்வேடு."

"சரி, அந்த ஏட்ல கீதா?"

"விதிவிலக்குகள் என்று ஒரு பகுதி இருக்கிறது."

"அப்ப அந்தப் பகுதியத்தான் இவ்ளோ நேரமா ஒடச்சிக்கினு கீறியா?"

அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "ரேஷன்ல வாங்குன கிருஷ்ணாயில் அடுப்புக்கே பத்தல. சீசாவக் கொளுத்திக்கினு கீறான் பாரு, டாக்டரு!"

கை பழகியதும் சீசாக்கள் ஒழுங்காகப் பிரிந்தன. அடுத்தது வாயைத் தேய்த்து மட்டமாக்குவது. துவைக்கிற கல்லின் மேல் ஈர மணலைப் பரப்பி, தம்ளர்களைக் கவிழ்த்து வட்டமாகத் தேய்த்தேன். கவிழ்த்து வைத்தால் ஆடாத அளவுக்கு, நூல் பிடித்தாற்போல் மட்டமாயின. கல்லில் தங்கிய கண்ணாடித் தூளை நான் கவனிக்கவில்லை. மறுநாள் அதே கல்லில் துணிகள் துவைக்கப்பட்டன. அந்த வாரம் முழுவதும் எங்கள் வீடு சொறிந்துகொண்டிருந்தது. அம்மா வேப்பிலையை அரைத்துப் பூசிக்கொண்டாள். தெருவில் அம்மை என்று பேச்சு கிளம்பி, பத்திரிகை வைக்கப் போன வீடுகளில் எங்களை வாசலோடு நிறுத்திப் பேசினார்கள்.

என்னுடைய கவலையெல்லாம் வேறொன்றைப் பற்றியது. சூடான பானத்தை ஊற்றினால் சீசாக் கண்ணாடி வெடிக்கக்கூடும். ஆகவே அம்மாவின் இட்லிக் குண்டானில் தம்ளர்களை நீரோடு வைத்துக் கொதிக்க விட்டேன். மெல்ல ஆற விட்டேன். பிறகு ஒவ்வொன்றிலும் கொதிநீரை ஊற்றிச் சோதித்தேன். வெடித்தவற்றைக் கழித்துவிட்டு, உறுதியானவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன். வீட்டில் எல்லோரும் அவற்றில்தான் தண்ணீரும் மோரும் குடித்துப் பார்த்தோம். குறையொன்றும் தெரியவில்லை. எங்கள் வீட்டு வழக்கப்படி அண்ணாந்துதான் குடித்தோம் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று அப்போது நினைத்தேன். தேன் நிறத்தில் சில, வெள்ளையாகச் சில. வெளிச்சத்தில் வைத்தால் அழகாகவே இருந்தன. கோமதிகூட, "பரவால்லண்ணா, பாக்கறதுக்கு ஓட்டல் மாரி கீது" என்றாள். அவள் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதுவே மிகப் பெரியது.

மாப்பிள்ளை அழைப்பு மாலையில் சிங்காரம் தோடி வாசித்தார். மண்டப வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த சம்பந்தி, தம் முழங்காலில் முத்திரை குத்திக்கொண்டே கண் கலங்கினார். என் கையைப் பிடித்து, "தம்பி, என் மனசு குளுந்துச்சி. நாளைக்கி முகூர்த்தத்துல பைரவி வாசிக்கச் சொல்லிக்கீறேன். அத்த மட்டும் கேட்டுட்டேன்னா, உன் தங்கச்சிய என் பொண்ணு மாரி வெச்சிக்குவேன்" என்றார். நானே வாசித்ததுபோல் தலையைக் குனிந்து அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டேன்.

மறுநாள் காலை, வாசிக்கப் போகுமுன் மேளக்காரர்களுக்குச் சூடான பாதாம் பால் கொடுப்பது சமையல்காரர்களின் ஏற்பாடு. நான் அதில் தலையிட்டேன். எவர்சில்வர் தம்ளர்களை ஒதுக்கிவிட்டு, என் தம்ளர்களில் பாலை ஊற்றி, தட்டில் அடுக்கி, நானே மேளக்காரர்களின் அறைக்கு எடுத்துச் சென்றேன். எடுத்துச் சென்றதோடு நில்லாமல் விளக்கவுரையும் ஆற்றினேன்.

"காலிச் சீசாவா இது!" என்று சிங்காரம் வியந்தார். "சூடு தாங்குமா தம்பி?"

"கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலும் ஒன்றும் ஆகாது. நம்பிக் குடியுங்கள்."

வித்வானும் அவருடைய தம்பியும் பல்லாண்டுகளாகச் சேர்ந்தே வாசிப்பவர்கள். சேர்ந்தே எடுத்தார்கள், சேர்ந்தே உதட்டில் வைத்தார்கள், சேர்ந்தே "ஸ்ஸ்" என்றார்கள். அவ்வளவு துல்லியமான சுருதிச் சேர்க்கையை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. வெள்ளைப் பாலில் ஒரு சிவப்புத் துளி விழுந்து மெதுவாக விரிந்தது. தம்ளரின் வாய் மட்டமாகத்தான் இருந்தது. ஆனால் மட்டம் முடிந்து உள்பக்கம் திரும்பும் விளிம்பை நான் மழுக்கவில்லை. அது சவரக்கத்தியைப் போலிருந்தது. (தவில்காரர்களும் அதே பாலைத்தான் குடித்தார்கள். அவர்கள் உதடு என்னவாயிற்று என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை.)

நாதஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியைத் தாங்குவது கீழுதடுதான். சிங்காரம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒருமுறை சீவாளியை வைத்துப் பார்த்தார். கண்களில் நீர் வந்தது, நாதம் வரவில்லை. தம்பிக்கும் அதே கதி. வெளியே ஐயர், "பொண்ணக் கூட்டிண்டு வாங்கோ" என்று குரல் கொடுத்தார்.

மைக் செட்டுக்காரரிடம் ஓடினேன். எதை வேண்டாமென்று சம்பந்தி ஒரு குடும்பத்தையே ஒதுக்கி வைத்தாரோ, அதையே தேடி ஓடினேன் என்பது ஓடும்போது எனக்குத் தோன்றவில்லை.

"நாதஸ்வர கேசட்டு கீது அண்ணாத்தே," என்றார் அவர். "ஆனா கரண்டு போய்ட்ச்சே. லாரி பேட்டரிலதான் ஓட்டணும்."

"ஓட்டுங்கள்!"

"அது கொஞ்சம் வயசான பேட்டரி."

"ஓட்டுங்கள் என்கிறேன்!"

ஒலிபெருக்கியில் பைரவி எழுந்தது. மேடையில் தவில்காரர்கள் அதோடு சேர்ந்துகொண்டார்கள். முன்வரிசையில் சம்பந்தி கண்களை மூடியிருந்தார். முகத்தில் கோயில் தெரிந்தது. பிழைத்தோம் என்று நினைத்தேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். ஐயர், "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்று கையை உயர்த்தினார். அந்தக் கணத்தில் பேட்டரி தளரத் தொடங்கியது.

பைரவி மெல்லச் சரிந்தது. முதலில் ஏதோ புதிய ராகம்போல் இருந்தது. பிறகு எந்த ராகமுமாக இல்லை. அதன் பிறகு நாதஸ்வரமாகவே இல்லை. பிரசவ வலியில் எருமை ஒன்று, அடிவயிற்றிலிருந்து, அவசரமில்லாமல் முனகுவதுபோல் மண்டபம் முழுவதும் பரவியது. தவில்காரர்கள் கைதேர்ந்தவர்கள், எந்த நாதத்தையும் விடாமல் பின்தொடர்பவர்கள். எருமையையும் பின்தொடர்ந்தார்கள். அது இழுக்க இழுக்க அவர்களும் காலத்தைக் குறைத்துக்கொண்டே போனார்கள்.

மணமேடையில் குனிந்திருந்த கோமதியின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று உறவுக்காரப் பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தாலி கட்டும் மாப்பிள்ளையின் கைக்கு அந்தக் குலுக்கலில் முடிச்சு அகப்படவில்லை. அவரும் சிரிக்கத் தொடங்கினார். நாத்தனார் வந்து எப்படியோ முடிச்சுகளைப் போட்டாள்.

சம்பந்தி கண்களைத் திறந்தார். எழுந்தார். "டேப்பா?" என்றார். மண்டபத்தில் எருமையைத் தவிர வேறு சத்தமில்லை. "எனக்கே டேப்பா?"

துண்டால் வாயைப் பொத்தியபடி சிங்காரம் ஓடி வந்தார். பேச முடியவில்லை. உதட்டைக் காட்டினார், என் கையில் இன்னும் இருந்த தட்டைக் காட்டினார், பிறகு என்னைக் காட்டினார். வழக்கு முடிந்துவிட்டது. சம்பந்தி ஒரு தம்ளரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு பண்ணது இது?"

மேடையிலிருந்து கல்யாணப் பெண், எந்தக் கல்யாணப் பெண்ணும் பேசக்கூடாத நேரத்தில், கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "எங்கண்ணன்தான் மாமா. கண்ணாடிக்குன்னே படிச்சி டாக்டரு ஆனவரு."

"அப்டியா?" சம்பந்தி சமையல்காரரைக் கூப்பிட்டு, அந்தத் தம்ளரில் ஆவி பறக்கும் பாலை நிரப்பச் சொன்னார். என் முன்னால் நீட்டினார். "டாக்டர் தம்பி, நீ குடி. நான் பாக்கணும். நாங்க எல்லாரும் பாக்கணும்."

மறுக்க வழியில்லை. அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மாலையும் கழுத்துமாகக் கோமதி சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். அவள் இனி வாழப்போகும் வீட்டின் வாசல் திறந்திருக்குமா, அடைபடுமா என்பது என் கையிலிருந்த தம்ளரில் இருந்தது. நான் ஒரு தியாகியின் உறுதியோடு அதை வாங்கினேன். வாங்கி, பிறந்தது முதல் பழகிய பழக்கத்தில், தலையை அண்ணாந்து, கைநீளத்துக்கு உயர்த்தி, கொதிக்கும் பாதாம் பாலைத் தொண்டைக்குள் நேராக ஊற்றினேன்.

அதன் பிறகு நடந்ததை நான் முழுமையாக அறியேன். பால் மூக்கு வழியாக வந்தது என்றும், நான் தவில் ஒன்றின் மேல் சாய்ந்தேன் என்றும், அதுவும் ஓர் ஓசை எழுப்பியது என்றும் சாட்சிகள் கூறினார்கள். கண்ணைத் திறந்தபோது சம்பந்தி எனக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, என் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடப்பாவி! உதடே படல! அப்ப உங்க ஊட்ல ஒருத்தர்கூட வாய் வெச்சிக் குட்ச்சிப் பாக்கவே இல்லியா?"

என்னால் பேச முடியாததால் அம்மா பதில் சொன்னாள். அவ்வளவு அமளியிலும் குடும்ப கௌரவத்தை விட்டுக்கொடுக்காமல், தலையை நிமிர்த்திச் சொன்னாள்.

"எங்க ஊட்ல எச்சில் பண்ற பழக்கம் கெடையாது சம்பந்தி."

முதலில் சிரித்தவர் சிங்காரம்தான். சிரித்ததில் உதடு மீண்டும் கிழிந்தது. அவரைப் பார்த்துச் சம்பந்தி சிரித்தார். தரையில் உட்கார்ந்து, தொடையில் அடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார். பிறகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தீர்ப்பளித்தார். "பொண்ணு எங்க ஊட்டுக்கு வரட்டும். டாக்டரு இருவது அடி தள்ளியே நிக்கட்டும்."

வித்வானின் உதடு ஆறியதும் அவரைப் பூந்தமல்லி வீட்டு மொட்டை மாடிக்கு அழைத்து, விட்டுப்போன பைரவியை ஒரு மாலை முழுவதும் வாசிக்கச் செய்தார். முன்வரிசையில் என்னை உட்கார வைத்தார். அது தண்டனையா மரியாதையா என்று எனக்கு இன்றும் தெரியாது. எல்லோருக்கும் கோமதி பால் கொண்டுவந்தாள். எனக்கு மட்டும் அதில் ஒரு ஸ்பூன் போட்டிருந்தாள்.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும், மேளக்காரர்கள் வந்திறங்கியதும் யாராவது ஒருவர், "டாக்டர் வந்துட்டாரா? வாயைப் பொத்துங்க" என்பார். பிறகு கதை தொடங்கும். தொடங்குபவர் தணிகாசலம். பால், இரத்தம், பேட்டரி வரைக்கும் அவர் சொல்லிக்கொண்டு வருவார். நாதஸ்வரம் சரியும் இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்ப்பார். அந்த எருமைச் சத்தம் கோமதியுடையது. வேறு யாரும் அதைச் செய்ய அவள் விட்டதில்லை. அவர்களுடைய மணிவிழாவில் மீண்டும் தாலி கட்டியபோது சிங்காரத்தின் மகன் குற்றம் சொல்ல முடியாதபடி வாசித்தார். மேடையிலிருந்து இறங்கி வந்த கோமதி என் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லாத்தான் வாசிச்சாங்கண்ணா. ஆனா சிரிப்பே வரலியே" என்றாள்.

சென்ற ஆண்டு அவளுடைய காரியத்தன்று, சாப்பாடு முடிந்து உறவினர்கள் கூடத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள். குடும்பத்துக்குப் புதிதாக வந்த மருமகன், எனக்குத் தண்ணீர் கொடுக்கும்போது மட்டும் ஏன் எல்லோரும் தம்ளரைப் பார்க்கிறார்கள் என்று கேட்டுவிட்டார். தணிகாசலம் சொல்லத் தொடங்கினார். வேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை. பால் வந்தது, இரத்தம் வந்தது, பேட்டரி வந்தது. வழக்கப்படி பேச்சை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் திரும்பினார். அங்கே கோமதியின் மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் பொது இடங்களில் இருமுவதற்குக்கூடக் கைக்குட்டையைத் தேடுபவன். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். மேலே தொடங்கி, மெதுவாகக் கீழே இறக்கினேன்.

யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு இன்னொருவர்.

"இன்னும் இழுக்கணும் மாமா," என்றாள் கோமதியின் மகள். "அம்மா இன்னும் நல்லா இழுப்பாங்க."

இழுத்தேன்.